ஒன்பதாம் பிரிவை எழுதியவள்

அமெரிக்கக் குடியேறிகள் பிரிட்டிஷ் மன்னர்மேல் சுமத்தியது இருபத்தேழு குற்றச்சாட்டு. நகரின் கிழக்கே பாட்டனி டவுன்ஸ் தமிழர்கள், தங்கள் தாய்ச்சங்கமான மவுண்ட் ஆல்பர்ட் சங்கத்தின்மேல் சுமத்தியது இருபத்தெட்டு. நம்மவர்களுக்கு ஒன்றாவது கூடுதலாக இல்லாவிட்டால் தூக்கம் வராது.

எழுதிக் கொடுத்தவள் குணவதி, எப்சம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். "சந்தா மட்டும் வேணும், எங்கட வாக்கு வேண்டாமோ?" என்று கிழக்குப் பக்கத்தார் குமுறியபோது, நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனமும் தராதவனுக்கு வரி கட்டமாட்டோம் என்று நின்ற பதின்மூன்று குடியேற்றங்களின் கதையை அவள்தான் எடுத்துவிட்டாள். கதை பற்றிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை மண்டபத்தில், கைதட்டலுக்கு நடுவே, சுதந்திரப் பிரகடனம் வாசித்துத் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள்.

பிரிவது சுலபம். அமெரிக்கர்களும் போரில் வென்ற பிறகுதான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பெரிய மாநிலத்துக்கு எத்தனை வாக்கு, சின்னதுக்கு எத்தனை என்று பிலடெல்பியாவில் ஒரு கோடை முழுக்கச் சண்டை பிடித்தார்கள். இவர்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. சங்கத்தின் சட்டவிதிகளை, அந்த யாப்பை, எழுதும் வேலையும் குணவதியின் தலையில்தான் விழுந்தது. அதில் ஒன்பதாம் பிரிவு இது: செத்தவீட்டுச் சாப்பாடு உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும்.

சாவு விழுந்த வீட்டில் தகனம் முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. மூன்று வேளையும் சங்கத்து வீடுகள் முறைவைத்துச் சமைத்து அனுப்பும். இருபது வருடமாக அந்த முறையை ஒருநாளும் பிசகாமல் நடத்தியவர் பழைய சங்கத் தலைவி செல்வநாயகி. குணவதி அகதியாக வந்து இறங்கியபோது அவளைத் தன் வீட்டில் ஏழு மாதம் வைத்திருந்தவரும் அவரே. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புதிய சங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளில்லாமல் போன பழைய சங்கத்தை விட்டுச் செல்வநாயகி மட்டும் அசையவில்லை.

ஜூனில் அவருடைய கணவர் சபாரத்தினம் போய்விட்டார். மகள் லோஜனா டொரண்டோவிலிருந்து வந்து சேர ஐந்து நாள் ஆகும், அதன்பிறகுதான் தகனம் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை, அந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பக் கேட்டு, குணவதி புதிய தலைவர் ஜனார்த்தனுக்குப் போன் எடுத்தாள்.

"எனக்கும் கவலைதான் அக்கா. ஆனா ஒன்பதாம் பிரிவு இருக்கே. ஒருக்கா மீறினா பிறகு யாப்பெண்டு ஒண்டு எதுக்கு? நீங்கள் சொன்னதுதானே."

சொன்னதுதான். மேடையில் நின்று, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது. இப்போது நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டுத் தானே உலை வைத்தாள்.

மத்தியானம், மழைக்குள், சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போனாள். செல்வநாயகி வீட்டு வாசலில் ஒரு காரும் இல்லை. உள்ளே மேசையில், பக்கத்து மூலைக்கடையில் வாங்கிய பாண் ரொட்டி பிரித்தபடி கிடந்தது. செல்வநாயகி தனியே இருந்தார்.

"இரும், குணவதி."

அவர் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பசித்த முகம்.

"எல்லாம் முடிய நான் லோஜனாவோட கனடாவுக்குப் போறன்," என்றார் செல்வநாயகி. "இங்கை எனக்கு ஆர் இருக்கினம்?"

அமெரிக்காவில் மன்னர் பக்கம் நின்றவர்களும் தோற்றபின் ஆயிரமாயிரமாய் வீடு வாசலை விட்டுக் கனடாவுக்குத்தான் போனார்கள். பரீட்சைக்கு வராது என்று ஆண்டுதோறும் குணவதி அவர்களை ஒரே வரியில் கடந்துவிடுவாள். அப்படிப் போகிறவரின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அந்த ஒன்பதாம் பிரிவை ஆர் எழுதினது?" என்று கேட்டார் செல்வநாயகி.

கமிட்டி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இந்த வீட்டில் இருந்துகொண்டு அவளால் அது முடியவில்லை.

"நான்தான் அக்கா."

"எழுதேக்கை என்ரை நினைப்பு வந்ததோ?"

குணவதி அழுதுவிட்டாள். "வந்தது. உங்களை நினைச்சுத்தான் எழுதினனான். தனிய நிக்கப் பயந்து எங்களோட வந்திடுவீங்களெண்டு நினைச்சன்."

செல்வநாயகி மூடியைத் திரும்பப் போட்டு, சட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"கொண்டு போம், பிள்ளை," என்றார், கோபம் துளியும் இல்லாமல். "நான் உறுப்பினர் இல்லைத்தானே."