சடையனின் எடைக்கல்

குவைத் விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் பத்து மூட்டை கடுக்காய் தன் கைக்கு வந்துவிட்டால் சாதுல்லா டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிடுவான். வெள்ளிமலைச் சந்தையில் புது எலக்ட்ரானிக் தராசை வைத்துக்கொண்டு காலையிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தான்.

முன்பெல்லாம் மலைக் கடுக்காயைக் கூட்டுறவுச் சங்கம் மட்டுமே வாங்கும். இப்போது சங்கத்தை மூடியாகிவிட்டது, யாரும் வாங்கலாம். சங்கத் தராசு ஏமாற்றுகிறது என்ற புலம்பலைச் சின்ன வயதிலிருந்தே கேட்டவன் அவன். நேரான தராசைக் கொண்டுவந்தால் சனம் தேடி வரும் என்று நம்பியிருந்தான்.

மூட்டைகள் அவனைத் தாண்டித் தாண்டிப் பொன்னுரங்கத்தின் லாரிக்குப் போயின. சங்கத் தலைவராக இருந்தவர். ஒரு கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கி அவரை இறக்கினார்கள். சங்கம் மூடியதும் குடோனையும் லாரியையும் அவரே வாங்கிவிட்டார்.

மலையில் கடுக்காய் பொறுக்கும் சடையன் மட்டும் மூட்டையோடு அவன் முன்னால் நின்றான். பையிலிருந்து இரும்பு எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தான். அந்தக் கூட்டத்தில் தலைவரின் தராசுத் திருட்டைக் காட்டிக்கொடுத்த கல் அதுதான். ஐந்து கிலோ, பிசகில்லை.

"சுத்தமான தராசு பாய்."

"அப்ப மூட்டைய எறக்குண்ணா. கிலோவுக்கு ரெண்டு ரூபா ஜாஸ்தியே தரேன்."

"நீ தருவ. அரிசி அவரு கடையில. ஆஸ்பத்திரிக்கு எறங்குனா அவரு ஜீப்பு. உனக்குப் போட்டேன்னு தெரிஞ்சா ரெண்டும் நின்னுடும். அப்ப கையத் தூக்குனோம், ஆளு எறங்குனான். இப்ப இது அவரு சொந்த யாவாரமாம். யாருகிட்ட போயி தூக்கறது?"

லாரியருகே இருந்து பொன்னுரங்கம் குரல் கொடுத்தார். "இன்னா பாய், யாவாரம் டல்லா? யாரு வேணா வாங்கலாம்னு சர்க்காரே சொல்லிடுச்சு. நான் இன்னா உன் கையப் புடிச்சா தடுத்தேன்?"

அவர் சிரித்தார். அதனால் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

சடையன் மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"அண்ணே, கல்ல வுட்டுட்டுப் போற."

"நீயே வச்சுக்க பாய். அங்க எடுத்துக்கினு போனா மூட்டைய ஏத்த மாட்டானுங்க."

போன் அடித்தது. மனைவி ஜீனத்துன்னிசா.

"இன்னாங்க, கேன்சல் பண்ணிடவா? ஏஜென்ட்டு கேட்டுக்கினே கீறாரு."

தராசு இன்னும் ஐந்து கிலோ காட்டிக்கொண்டிருந்தது. லாரி கிளம்ப ஹாரன் அடித்தது.

"வேணாம்" என்றான். "பரண்லேர்ந்து பெட்டிய எறக்கி வெயில்ல வை."