ஒன்பது தடவை ‘விரைவில்’

அண்ணா, மேலே பார்க்காதே. விளக்குகளை எண்ணியது போதும். தலைவர் கேட்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

அவள் மனம் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்க, விரல்கள் தம்பாட்டுக்குச் சுருக்கெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் சட்டமன்றக் குழுவிடம் கருத்துச் சொல்லும் நாள். யார் எதைப் பேசினாலும் பேசியபடியே பதிவு செய்வது பதினாறு வருடமாக அவள் வேலை. இன்று ஏழாவதாகப் பேச வந்திருப்பவர் அவளுடைய அண்ணன். ஆட்டிசம் உள்ளவர், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டார்.

“மசோதாவைப் படிச்சேன்” என்றார் அண்ணன், விளக்கைப் பார்த்தபடியே. “பதினாலு இடத்துல ‘குழந்தைகள்’னு இருக்கு. பெரியவங்கன்னு ஒரு இடத்துலகூட இல்ல. எனக்கு முப்பத்தொன்பது வயசு. பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே எனக்குச் சரியாயிடுச்சுன்னா, யாராவது சொல்லியிருக்கணும்ல?”

அறை சிரிப்பில் குலுங்கியது.

“நியாயந்தான்” என்றார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “விரைவில் பரிசீலிப்போம்.”

“காலையிலேருந்து இதோட ஒன்பது தடவை ‘விரைவில்’ சொல்லியாச்சுங்க. தேதி ஒண்ணுகூட வரல.”

இந்த முறை தலைவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளுக்கு மட்டும் காது சூடாயிற்று.

சின்ன வயதிலிருந்தே பழகிய சூடு. “மாமா, போன தடவையும் இதே கதையைத்தான் சொன்னீங்க” என்பார் அண்ணன். “உங்க கதைன்னா அண்ணாவுக்கு அவ்வளவு பிடிக்கும் மாமா” என்று இவள் ஓடி வந்து பூசி மெழுகுவாள். மாமாவும் மகிழ்ந்துபோய் மூன்றாவது தடவை சொல்வார். அலுவலகத்தில் ஓர் எழுத்தை மாற்றத் துணியாதவள், வீட்டில் அண்ணன் சொன்ன எதை மாற்றாமல் விட்டிருக்கிறாள்?

கூட்டம் கலைந்ததும் குழுச் செயலாளர் அவள் மேசையருகே வந்தார்.

“அம்மா, உங்க அண்ணன் பிரமாதம். ஆனா பதிவுல அந்தக் கணக்கெல்லாம் வேணாமே. ‘பயனாளிகளின் வயது குறித்துக் கருத்துத் தெரிவித்தார்’னு ஒரு வரி போட்டுடுங்க. அவருக்கும் அதானே கௌரவம்?”

அழகான வரி. இப்படிப்பட்ட வரிகளை அவள் வாழ்நாளெல்லாம் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறாள். ஆனால் வாக்களிக்கப்போகும் உறுப்பினர்களில் பாதிப்பேர் இன்று வரவேயில்லை. அவர்கள் கைக்குப் போவது இவள் அடித்துத் தரும் தாள்தான். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எவர் ‘குழந்தைகள்’ பக்கத்தில் ‘பெரியவர்கள்’ என்று சேர்க்கச் சொல்வார்? அண்ணன் சொன்னபடியே படித்தால், சிரித்துவிட்டாவது யோசிப்பார்கள்.

“அவர் கோரிக்கையை விரைவில் கவனிக்கச் சொல்றேன்” என்றார் செயலாளர் கனிவாக.

“பத்து” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தங்கையோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்த அண்ணன்.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காது சுடவில்லை.

“இல்ல சார்” என்றாள் மெதுவாக. “அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.”

தட்டச்சுப்பொறியில் தாளைச் செருகி, ‘பதினாலு இடத்துல’ என்று அடிக்கத் தொடங்கினாள்.