பத்துக்குப் பத்து

பூமியில் இதுவரை நடமாடிய அத்தனை மனிதர்களையும் தாங்கியது இதயமல்ல, மூளையுமல்ல, பாதம். அதைப் படிக்கவென்றே பிறப்பவர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான். இந்த நூற்றாண்டுக்கு நான். தற்பெருமையாகச் சொல்லவில்லை. பாத மருத்துவப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில், கால் ஆணி எடுப்பதிலும் நகம் வெட்டுவதிலும் வகுப்பில் முதலிடம் எனக்குத்தான். இங்கிலாந்தில், ராச்டேல் ஊரில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "நகம் வெட்டவா மூணு வருசம்?" என்பார்கள். மேதைகளுக்கு இது சகஜம்.

இரண்டாமிடம் நெரிஸ். வேல்ஸில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவரின் மகள். கல்லூரிக் கிளினிக்கில் நோயாளி ஷூவைக் கழற்றியதும் நாங்களெல்லாம் பாதத்தைப் பார்ப்போம். அவள் மட்டும் ஷூவுக்குள் கையை விடுவாள், மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது போல மணிக்கட்டு வரை. மூலை மூலையாகத் தடவிவிட்டு அப்புறம்தான் காலுக்கு வருவாள்.

"என்ன நெரிஸ், கன்னுக்குட்டி தலை தெரியுதா?"

"போடா கீரன். உனக்கு நாத்தத்துக்குப் பயம்."

ஹாராக்ஸ் முதன்முதலில் என் நாற்காலிக்கு வந்தது அக்டோபரில். பரி நகர வழித்தடத்தில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர், பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு பரிசோதனை உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குச்சி நுனியில் இருக்கும் நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொடுவோம். தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் நெரிஸின் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டே தொட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பத்து தடவை "ஆமா" என்றார். பத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நீ பெரிய ஆளா வருவே தம்பி," என்றார். நான் மறுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். நொண்டவில்லை. விசில்கூட அடித்துக்கொண்டு வந்தார். "சாக்ஸ்ல ஏதோ கறைன்னு எங்க வீட்டுக்காரி மாரியன் அனுப்பிட்டா. வலியெல்லாம் இல்ல."

சாக்ஸைக் கழற்றினேன். இடது பாதத்தின் முன்பகுதியில், கட்டைவிரலுக்குக் கீழே, காசு அளவுக்கு ஒரு பள்ளம். விளிம்பு கறுத்திருந்தது. வாடை வந்தது. பக்கத்துத் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த நெரிஸ் வந்து, கழற்றி வைத்த ஷூவுக்குள் கையை விட்டாள். வெளியே வந்தபோது அவள் உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரி.

"அட, மாரியனோட காது மெஷின் பேட்டரி! போன புதன்கிழமை வீடு பூரா தேடினோமே!" ஹாராக்ஸ் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறு நாள் அதன் மேல் நடந்திருக்கிறார். நாயைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி வேறு.

எங்கள் மேற்பார்வையாளர் என்ட்விஸல் மேடம் வந்து என் தாளைப் படித்தார். இழையை எடுத்தார். சட்டென்று தொட்டார். அப்புறம் வெகுநேரம் தொடவேயில்லை. மறுபடி இரண்டு தொடல், அடுத்தடுத்து. ஹாராக்ஸ் இரண்டு தடவை சரியாக "ஆமா" என்றார். நான்கு தடவை இழை காற்றில் நின்றபோது "ஆமா" என்றார்.

"கண்ணைத் தொறங்க ஹாராக்ஸ். நான் தொடாதப்பவும் ஆமான்னீங்க."

அவர் முகம் காது வரை சிவந்தது. "தம்பி பண்றப்ப சுலபமா இருந்துச்சு மேடம். ஒண்ணு ரெண்டு மூணு, ஆமா. ஒண்ணு ரெண்டு மூணு, ஆமா. பஸ் ஓட்டினவன், அடுத்த ஸ்டாப் எப்ப வரும்னு தெரியாதா?" பாதத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான், முதல்ல உணர்ச்சி இல்லைன்னாங்க. அப்புறம் விரல் போச்சு. அப்புறம் முழங்கால் வரைக்கும் எடுத்துட்டாங்க. அதான்... தம்பி மேல தப்பில்ல."

"நான் கதை சொல்லிக்கிட்டே தொட்டேன் மேடம்," என்றேன். "ஒரே சீரா. அவர் முகத்தைக்கூடப் பாக்கல."

"அதையே எழுது. இன்னிக்குத் தேதி போட்டு."

எங்கள் தாள்களில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பத்துக்குப் பத்து நன்றாகவே தெரிந்தது. அழகான கையெழுத்து.

புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்று இன்றைக்கே படம் எடுக்க வேண்டும் என்று மேடம் மருத்துவமனைக்குப் போன் செய்தார். சக்கர நாற்காலியில் ஏற்றியபோது, "ஓட்டுறவனுக்கும் டிக்கெட் உண்டா?" என்று கேட்டுப் பார்த்தார் ஹாராக்ஸ். மடியில் பிளாஸ்டிக் பையில் இடது ஷூ.

வாசலில் திரும்பிப் பார்த்தார். "விரல் தப்பிக்குமா தம்பி?"

எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் உண்டு. "தெரியல," என்றேன்.

அடுத்தவர் திருமதி ஆக்டன், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறியவர். மழையைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினார். பக்கத்துத் தடுப்பில் நெரிஸ் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரை திறந்தே இருந்தது.

நான் இடது ஷூவை எடுத்தேன்.

"என்ன கண்ணு தேடுற உள்ள?"

நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கன்றுக்குட்டிக் கிண்டல் வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் மறுபடி கருவிகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

உள்ளே இன்னும் சூடாக இருந்தது, லேசான ஈரம். விரல் நுனிகளை முன்னால் தள்ளினேன். பல வருடம் நடந்து நடந்து ஐந்து சின்னக் குழிகள் விழுந்திருந்தன. என் ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக அவற்றில் போய் உட்கார்ந்தன.