கையெழுத்துப் போடாத வாய்

"கையெழுத்துப் போட்டா கடை கொஞ்சங்கொஞ்சமாப் போகும். போடலைன்னா திங்கக்கிழமையே போகும். எது உனக்கு வசதி, சொல்லு!" கில்பெர்ட் அரூடா ஸ்க்ரூடிரைவரை மேசையில் எறிந்தான்.

"கத்தாதே. ரெண்டு பேரு கம்ப்யூட்டர் பாக்குற மாதிரி நம்மளத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள் அவன் மனைவி ஃபிலொமினா.

உண்மைதான். ஃபால் ரிவர் என்ற அந்த அமெரிக்க ஊரில் ஒரு சண்டையை யாரும் வீணாக்குவதில்லை.

ஹால்டன் கம்பெனியின் மென்பொருள் இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மீதிப் பேருக்கு கில்பெர்ட் மலிவான வேறொன்றைப் போட்டு விற்றுவந்தான். இனி எதைப் போட்டு விற்றாலும், கடையைவிட்டுப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஹால்டனுக்குக் காசு கட்ட வேண்டுமாம். புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் ஹால்டன் சரக்கு நின்றுவிடும். இதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஹால்டனின் விற்பனையாள் க்ரெய்க் கில்பெர்ட்டிடம் முன்கூட்டியே தனியாக ஒரு கையெழுத்தும் வாங்கியிருந்தான்.

"க்ரெய்க் இதைச் சலுகைங்கிறான். ஊர்லயே எனக்கு மட்டும்தானாம்" என்றான் கில்பெர்ட், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக. "நீ எங்கயாவது உளறி வைக்காதே."

"நான் எங்கயும் கையெழுத்துப் போடலையே."

மறுநாள் போர்த்துகீசியர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், திருவிழாவுக்காக மலசாடா என்ற இனிப்புப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று ரகசியம் காத்தவர் அந்த ஊரில் இல்லை. ஃபிலொமினா வழக்கம்போல் துணி விரித்த முழங்காலில் மாவைப் போட்டு இழுத்தபடி பக்கத்திலிருந்த ஒடெட்டைப் பார்த்தாள். ஒடெட்டின் அண்ணன் நார்பர்ட்டுக்கும் கம்ப்யூட்டர் கடைதான். தனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட ஆர்டர் ஒன்றை நார்பர்ட் தட்டிப் பறித்த நாளிலிருந்து, அவனைக் கண்டாலே கில்பெர்ட் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

"உங்க அண்ணன் நல்லாத் தூங்குறானா?"

"எங்க! அவனுக்கு மட்டும் ஏதோ சலுகையாம். அது வந்ததுலேருந்து சூப்புகூட இறங்கல."

ஃபிலொமினாவின் கையில் மாவு கிழிந்தது. "பெட்டிக்குப் பெட்டி காசா?"

"அடிப்பாவி, உனக்கெப்படித் தெரியும்?"

ஊரின் மூன்றாவது, கடைசி கம்ப்யூட்டர் கடைக்காரர் லூசியன் தீபோ அடுத்த சட்டியில் நின்றிருந்தார். மனைவியை இழந்தவர், பிரெஞ்சுக்காரராயினும் பலகாரத்துக்காகவே போர்த்துகீசியர் கோவிலுக்கு வருகிறவர். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவரும் கையெழுத்துப் போட்டவராதலால் வாய் திறக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, எனக்கும்தான் என்பதுபோல் தன் நெஞ்சை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

திங்கட்கிழமை க்ரெய்க் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது கில்பெர்ட்டின் கடையில் மூன்று முதலாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கில்பெர்ட்டும் நார்பர்ட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

"உன் புது ஒப்பந்தத்துல மூணு பேருமே கையெழுத்துப் போடப் போறதில்ல" என்றான் கில்பெர்ட். "சரக்கை நிறுத்து. அப்புறம் உன் மென்பொருளை இந்த ஊர்ல யார் விக்கிறான்னு பாக்கலாம். இது சட்டப்படி சரியான்னு அரசாங்க வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

"இதை... வெளியில யாரு சொன்னது?"

"மலசாடா எடுத்துக்குங்க தம்பி, சூடா இருக்கு" என்றாள் ஃபிலொமினா.

க்ரெய்க் கம்பெனியைக் கேட்கத் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். திரும்பி வரும்வரை ஃபிலொமினா வாசலிலேயே நின்றாள். பழைய ஒப்பந்தமே தொடரும் என்று அவன் முணுமுணுத்ததும், காலிப் பெட்டியொன்றின்மேல் தொப்பென்று உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள். கில்பெர்ட் அத்தனை பேர் முன்னால் அவள் உச்சியில் முத்தமிட்டான். நார்பர்ட் சுவரைப் பார்த்தான்.

க்ரெய்க் வேலையை விட்டு ஃப்ளோரிடா போனான்; நீச்சல் குளம் விற்கிறானாம். ஒடெட் அடுத்த வசந்தத்தில் லூசியனைக் கட்டிக்கொண்டு அவர் கடையின் மாடிக்குக் குடிபோனாள்.