ஈரச் சுவர்

கோட்டையில் இரண்டே சாடித் தண்ணீர் மிஞ்சியிருந்த காலையில், சுவருக்கு மண் பூச வேண்டும் என்று வக்ஷானி வந்து நின்றாள். காவல் தலைவன் லிசானியாஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த இரண்டு சாடியும் முப்பத்தோரு உயிருக்கு. அந்த உயிர்களில் ஒன்று அவள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. கீழே கணவாயில் சகர் என்னும் குதிரை நாடோடிகளின் கூடாரங்கள் ஊற்றை வளைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஆகிவிட்டது. சுவரை இடிக்கும் கருவி எதுவும் அவர்களிடம் கிடையாது. அவசரமும் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் நா வறண்டு தாங்களே கதவைத் திறப்பார்கள் என்று நிம்மதியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பனி விழுந்தால் கோட்டைக்குத் தண்ணீர் கிடைத்துவிடும், அவர்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். வானமோ துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"வருஷா வருஷம் பனிக்கு முன்னாடி பூசுறதுதானே, தலைவரே. இந்த வருஷம் பூசலன்னா உள்ள தண்ணி இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோவாதா?"

"பூசினா மட்டும்?"

"தாகத்துல சாவுறவன் சுவத்துக்கா தண்ணி ஊத்துவான்னு நெனப்பாங்கல்ல."

வில்வீரன் திரியோன் சும்மா இருக்கவில்லை. "ஆமாமா, வீட்ட மெழுகி வையி. சகன் பொண்ணு பாக்க வரான்!" யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் உதடு வெடிக்கும்.

லிசானியாஸின் பாட்டன் காலத்து யவனர்கள் கட்டிய கோட்டை அது. கோபுரம், அம்புத் துளை, மூலைக்கல் என்று அவன் பெருமை பேசாத நாளில்லை. அதன் மேல் ஆண்டுதோறும் மண் பூசும் உள்ளூர்ப் பெண்களை அவன் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை. குதிரை மூத்திரத்தில் குழைத்தால் ஆகாதா என்று தயங்கிக் கேட்டான்.

"பொறந்ததுலேந்து குதிர மேலயே கெடக்குற சனம். வாடைய அம்பு தூரத்துலயே புடிச்சிருவாங்க. நல்ல தண்ணிதான் வேணும். ஒரு சாடி."

அவன் கொடுத்தான். மிச்சமிருந்தது ஒரு நாளைக்குத்தான் வரும்.

அவள் குழந்தையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வைக்கோலும் மண்ணும் கொட்டி மிதித்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் குழந்தை வீறிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக் கையை வாயருகே கொண்டுபோகவும் இல்லை. பிறகு கயிற்றில் வெளிப்பக்கமாக இறங்கி, ஊற்றுக்கு எதிரே தெரிகிற சுவர்ப் பகுதியில் மட்டும், விரல் கனம்கூட இல்லாமல், அவசரமில்லாதவள் போலப் பூசிக்கொண்டு போனாள். அம்பு மழையில் நின்றவர்களை லிசானியாஸ் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு நெஞ்சுரத்தைப் பார்த்ததில்லை. தன் படையில் இவளுக்கு ஈடாக ஒருவனும் இல்லை என்று நினைத்தான், தன்னையும் சேர்த்துத்தான்.

உச்சிப் பொழுதில் சகர் தலைவன் வில்லில்லாமல், பேச வருபவனாக, கைகளை விரித்துக்கொண்டு வந்தான். ஆனால் நேரே சுவரருகே குதிரையை நிறுத்தி, பூச்சில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். முகர்ந்தான். நாக்கில் வைத்தான்.

"ஏய்!" அவன் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய வக்ஷானி கத்தினாள். "பூசுன எடத்துல கை வெக்காத! ஒனக்காக இன்னொருக்கா எவ கொழைக்கிறது?"

அவளுடைய பேச்சு அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, வசவு புரிந்திருக்கும். அவளை அண்ணாந்து பார்த்தான். பிறகு மார்பில் கைவைத்துத் தலை தாழ்த்திவிட்டுக் குதிரையைத் திருப்பினான்.

லிசானியாஸ்தான் அவளைக் கயிற்றோடு மேலே இழுத்தான். இருவரும் சுவரின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வெயிலில் அந்தக் கட்டைவிரல் குழியின் ஓரம் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே, ஊற்றருகே, ஒரு கூடாரத்தின் கம்பளி அவிழ்த்துவிடப்பட்டுச் சரிந்து விழுந்தது. ஒன்றுதான். அடுத்ததன் கயிற்றில் ஒருத்தி, அவிழ்க்கவா என்பதுபோல், கைவைத்தபடி தன் தலைவனைப் பார்த்து நின்றாள்.