ஆர்கோஸ் ஒருமையா, பன்மையா?

ரோமுக்குக் கீழிருந்த கிரேக்க ஊரான ஆர்கோஸின் நகரசபையில் ஒருவர் தும்மினால் இன்னொருவர் அதை ஆட்சேபிப்பார். அப்பேர்ப்பட்ட சபை, ரோமானிய ஆளுநரை வரவேற்க லத்தீனில் கல்வெட்டு வைக்கத் தீர்மானித்து, வாசகம் எழுதும் வேலையை வாத்தியார் சோசிபியோஸிடம் கொடுத்தது. ஆளுநர் மகிழ்ந்தால், பள்ளிக்கூடம் நடத்தச் சந்தை மண்டபத்தில் ஓர் அறை தருவார்களாம். கழுதைக் கொட்டிலில் பாடம் நடத்தும் மனுஷனுக்கு அது சொர்க்கமில்லையா?

எழுதியதைச் சபையில் படித்தார். அங்கேதான் வந்தது வினை.

"என்ன வாத்தியாரே, மேல 'ஆர்கோஸ்'ங்கிறே, கீழ 'ஆர்கிஸ்'ங்கிறே? நம்ம ஊரு ஒண்ணா, ரெண்டா?" என்றார் எண்ணெய் வியாபாரி லாம்ப்ரியாஸ்.

"லத்தீன்ல அப்படித்தாங்க. ஊரு தானா ஒண்ணைச் செஞ்சா 'ஆர்கோஸ்', ஒருமை. 'ஊரில்', 'ஊரின்'னு வேற்றுமை சேர்ந்துட்டா பன்மையாயிடும்."

"நல்லாயிருக்குய்யா கதை! ரோமாபுரிக்காரன் நம்ம ஊரைத் துண்டு போடுவான், நீ அதுக்கு ஒத்து ஊதுவியா?" என்று எகிறினார் பெரிலாஸ். லாம்ப்ரியாஸின் பரம வைரி அவர். "எல்லா இடத்துலயும் ஆர்கோஸ்னே போடு!"

"அதேதான் நானும் சொல்றேன்!" என்றார் லாம்ப்ரியாஸ்.

இருவரும் ஒரே பக்கம் கை தூக்கியதை ஊர் அன்றுதான் பார்த்தது. சபையிலும் வேற்றுமை ஒழிந்தது, கல்லிலும் வேற்றுமை ஒழிந்தது.

"ஐயா, படிக்கிறவங்க சிரிப்பாங்க..."

"சிரிச்சா நாங்க பாத்துக்கறோம். உனக்கு அறை வேணுமா, வேணாமா?"

சோசிபியோஸுக்கு அறை வேண்டுமே. மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆளுநர் வந்தார். பளிங்கைத் தடவிப் பார்த்தார். "அருமையான கல்லாச்சே! யாரு ஏற்பாடு?"

"நான்தாங்க!" "நான்தாங்க!" என்று ஏழெட்டுக் குரல்கள். முழங்கையால் இடித்துக்கொண்டு லாம்ப்ரியாஸும் பெரிலாஸும் முன்னால் வந்து விழுந்தார்கள்.

பிறகு ஆளுநர் வாசகத்தைப் படித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த லத்தீன் யாரோடது?"

சபை மொத்தமும் ஒரே விரலாக நீண்டது. "அதோ, அந்த வாத்தியாருதுங்க!"

அறை போயிற்று. மறுநாள் கழுதை கத்திய கத்தலுக்கு மேல் தொண்டையை உயர்த்தி, சோசிபியோஸ் பாடத்தைத் தொடங்கினார்.

"ஆர்கோஸ். பேரு வாங்கணும்னா பன்மை. பழி போடணும்னா ஒருமை. எழுதிக்குங்க."