பாதி வீட்டுக்கு வயர்

புது வீட்டில் எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஒலிக்க வேண்டும் என்று பல் டாக்டருக்கு ஆசை. வயர் இல்லாத ஸ்பீக்கர்களை வாங்கி வந்து மேசையில் பரப்பினார். தங்கிப் போக வந்திருந்த மாமனாருக்கு முகம் சுருங்கியது. தொலைபேசி நிலையத்தில் கேபிள் பதித்து ஓய்வு பெற்றவர் அவர்.

"காத்துல வர்றதை எப்படி மாப்பிள்ளை நம்புறது? வயர் இழுத்துட்டா ஆயுசுக்கும் கவலையில்லை."

"புது பெயின்ட் மாமா. ஆணி அடிக்கவே மனசு வரல."

"ஊரார் பல்லுல எல்லாம் ஓட்டை போடுறீங்க. சுவத்து மேல மட்டும் என்ன இரக்கம்?"

டாக்டரின் மனைவி நடுவில் புகுந்து வீட்டைப் பிரித்துக் கொடுத்தாள். சமையலறையும் குளியலறையும் அப்பாவின் வயருக்கு, படுக்கையறைகள் கணவருக்கு.

மாமனார் டிரில் மெஷினால் சுவரைத் துளைத்து வயர் இழுத்து முடித்ததும் பாட்டு ஓடியது. சமையலறையில் பாடகி பாடி முடித்த வரியைப் படுக்கையறையில் சற்றுத் தாமதமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நின்று கேட்டால் அவள் தன்னைத் தானே துரத்துவது போலிருந்தது.

"உங்களுது லேட்டு மாப்பிள்ளை."

"உங்க வயர்தான் மாமா அவசரப்படுது."

மல்லுக்கட்டு ஓயவில்லை.

ஒரு நாள் காலை மாமனார் குளிக்கப் போனதும், டாக்டர் நைசாகப் பால்கனிக்குப் போய் நண்பனை அழைத்தார். போன் வீட்டு ஸ்பீக்கர்களோடு இணைந்தே இருந்ததை மறந்துவிட்டார். காதில் சத்தமே இல்லை.

"ஹலோ, கேக்குதா?"

வீட்டுக்குள்ளிருந்து பதில் முழங்கியது. "நல்லா கேக்குதுடா! உன் மாமனார் இன்னும் கிளம்பலையா? வீட்டையே சல்லடையாக்கிட்டாருன்னு புலம்பினியே!"

"...புலம்பினியே!" என்று படுக்கையறையும் முடித்து வைத்தது.

டாக்டர் உள்ளே ஓடினார். மனைவி கரண்டியும் கையுமாக முறைத்தாள். குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலை நிறைய சோப்பு நுரையோடு மாமனார்.

"மாமா, அது வந்து..."

"சல்லடைன்னது உள்ள கணீர்னு கேட்டுச்சு மாப்பிள்ளை. ஒரு எழுத்துகூடச் சிதையல. உங்க பக்கம் எப்படி?"

"கொஞ்சம்... இழுத்துச்சு மாமா."

மாமனார் போனை வாங்கினார். "தம்பி, உங்க வீட்டுல எத்தனை ரூமு?"

நண்பன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். மனைவி அடக்க முடியாமல் சிரிக்க, டாக்டரையும் அது தொற்றிக்கொண்டது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"நிஜமாவே நான் கிளம்பணுமா மாப்பிள்ளை?"

டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. உள்ளே போய் டிரில் மெஷினை எடுத்து வந்து நீட்டினார்.

"அப்போ படுக்கையறைக்கு யாரு மாமா வயர் இழுக்கிறது?"

மாமனார் அதை வாங்கிப் பார்த்தார். கண்ணில் நுரை வழிந்தது.

"எரியுது, பிடிங்க. கழுவிட்டு வந்துடறேன்."